இரவுக்குறியும் பழைய கரவு விளையாட்டுகளும்

முன்னுரை

ஒரு பாடலின் பொருள் இன்னது எனக் கூறுதல் எளிது. அதனைக் கற்கும்போது நம்மைச் சூழ்ந்து நிற்கும் உணர்வு எதனாற் பிறந்தது எனக் கூறுதல் அரிது. இருள் என்ற சொல் வந்தமையால் அச்சம் பிறந்தது என்று கொண்டால், இருளைப் பாடிய பாடல் எல்லாம் அச்சம் தருதல் வேண்டும். அவ்வாறு தருவதில்லை. ஆகவே, சொல்லப்பட்ட பொருளுக்கும் அதனைச் சூழ்ந்த உணர்வுக்கும் இடையே ஆழ்ந்ததோர் இயைபு உண்டு. அவ்வியைபை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து வாழும் உயிரும் பொருளும் தொழிலும் கரு. அவற்றினிடையே நிகழும் மாந்தர் ஒழுக்கம் உரி. இம்மூன்றும் ஒன்றையொன்று தழுவி நிற்கையில் பிறக்கும் உணர்வையே இக்கட்டுரையில் சூழலுணர்வு எனக் குறிக்கின்றோம்.

இக்கோட்பாடு அகப்பாட்டு ஒன்றற்கே உரியதா, பிற கலைகளையும் அளக்கவல்ல கோலா என்பது ஆராய்தற்குரிய வினா. அதற்கு விடை காண, நம் துறையினர் பெரும்பாலும் தீண்டாத ஒரு புதுக்கலையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். கணினி விளையாட்டுகளுள் ஒரு வகை, பகைவரைப் பொருது வெல்லுதலை விடுத்து, அவர் கண்ணிலும் செவியிலும் படாது சென்று வினை முடித்தலையே விதியாக உடையது. ஆங்கிலத்தில் 'ஸ்டெல்த்' என வழங்கும் அவ்வகையைக் கரவு விளையாட்டு என்போம். 1981 முதல் 2005 வரை வந்தவற்றைப் பழையன எனக் கொள்வோம். பின்வந்தவை ஓவிய அழகிலும் பொறியின் ஆற்றலிலும் பன்மடங்கு உயர்ந்தவை. ஆயினும், பழையவற்றை ஆடியவர் பலரும் அவற்றில் இருந்த சூழலுணர்வு பின்னையவற்றில் இல்லை என்கின்றனர். அஃது இளமை நினைவின் மயக்கமா, அன்றி அவற்றின் அமைப்பிலேயே காரணம் உளதா என்பதே நம் ஆராய்ச்சி.

ஆராய்ச்சி இதழில் விளையாட்டிற்கு இடம் உண்டோ என வினவுவார் இருத்தல் கூடும். அவர்க்கு ஒன்று கூறுவோம். முதுகலை வகுப்பில் இரவுக்குறிப் பாடல்களைக் கற்பிக்குங்கால், நிலவு தலைவிக்குப் பகையாதலை மாணவர் பலர் உணர்வதில்லை. தெருதோறும் மின்விளக்கு எரியும் ஊரில் வளர்ந்தவர்க்கு நிலவொளி ஒரு பொருட்டன்று. நூற்பொருளை அவர் அறிவர். நூலின் நடுக்கத்தை அறியார். இந்நடுக்கத்தை அவர்கள் வேறோரிடத்தில், தம் அறையில் ஆடும் விளையாட்டில், முன்னரே உணர்ந்திருக்கின்றனர் என்றால், அதனைப் புறக்கணித்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

களவு என்னும் சொல்

தமிழில் களவு என்பது பிறர் பொருளைக் கவர்தலையும் குறிக்கும். பிறர் அறியாது காதலர் கூடுதலையும் குறிக்கும். இறையனார் களவியலுக்கு உரை கண்டோர், இச்சொல் தீமை குறித்ததோ என்னும் ஐயத்தை எழுப்பி, நன்மை பயக்கும் களவும் உண்டென விளக்கிச் செல்வர். அறத்தால் இரண்டும் வேறு. உணர்வமைப்பால் இரண்டும் ஒன்று. இரண்டிலும் ஒருவன் தனக்கு உரிமையில்லாத இடத்தில், உரிமையில்லாத பொழுதில் நிற்கின்றான். பிறர் உறங்குதலை வேண்டுகின்றான். தன் காலோசைக்குத் தானே அஞ்சுகின்றான்.

பொருட்களவின் இரவையும் நம் முன்னோர் நுணுகிப் பாடியுள்ளனர். மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சியின் நள்ளிரவுப் பகுதியில் கள்வரும் ஊர்காவலரும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றனர். கள்வன் இருளோடு இயையும் நீலநிறக் கச்சை உடுத்தவன். கல்லும் மரமும் துணிக்கும் வாளும், நிலத்தை அகழும் உளியும், இடையிற் சுற்றிய நூலேணியும் உடையவன். காவலன் யானையை நோக்கியிருக்கும் புலியை ஒத்தவன், உறங்காதவன், நூல்வழி பிழையாத தேர்ச்சியன், தெருவில் நீர் திரண்டு ஓடும் மழை நள்ளிரவிலும் சோர்வின்றித் திரிபவன். கள்வன் திறமும் காவலன் திறமும் ஒருங்கே கூறப்படுதல் நோக்கத்தக்கது. ஒருவன் அருமை மற்றவனால் விளங்குகின்றது. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், கள்வர்க்குத் துணையாவன எட்டு எனப் பொற்கொல்லன் எண்ணுமிடத்தும் இடம், காலம், கருவி என்னும் மூன்றும் இடம்பெறுகின்றன. முதற்பொருளின் இரு கூறுகளும் கள்வர்க்குத் துணையாதல் காண்க.

1998-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த, அமெரிக்க நாட்டு லுக்கிங் கிளாஸ் நிறுவனத்தார் ஆக்கிய 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்' என்னும் விளையாட்டைக் கண்டவர்க்கு மருதனாரின் கள்வன் புதியவன் அல்லன். அதன் தலைவன் காரெட் என்னும் கள்வன். கயிறு தொங்கவிடும் அம்பு, பந்தத்தை அணைக்கும் நீரம்பு, காலோசையை அடக்கும் பாசியைத் தரையிற் பரப்பும் அம்பு ஆகியன அவன் கருவிகள். வாட்போரில் அவன் வல்லன் அல்லன். காவலர் இருவர் சூழ்ந்தால் பெரும்பாலும் மாள்வான். ஆட்டத்தின் கடினமான படியில் மாந்தரைக் கொல்லுதலே பெரும்பாலும் விலக்கப்பட்டுள்ளது. ஆற்றலைக் குறைத்தே இவ்விளையாட்டு தன் சுவையை ஆக்கிக்கொண்டது.

முதற்பொருள்

குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரிய பொழுதுகள் என்பது இலக்கணம். ஆயின் நல்ல இரவுக்குறிப் பாடலில் யாமம் ஒரு திரைச்சீலை போலப் பின்னே தொங்குவதில்லை; வினையை ஆக்கவும் அழிக்கவும் வல்ல ஆற்றலாக முன்னே நிற்கின்றது. குறுந்தொகை 47-ஆம் பாடலில், வேங்கைமலர் உதிர்ந்து கிடக்கும் பாறை புலிக்குட்டி போலத் தோன்றுகின்றது. அக்காட்டு வழியே இரவில் வருவானுக்கு நன்மை செய்யாத நிலவு கடிந்துரைக்கப்படுகின்றது. உலகம் போற்றும் நிலவு ஈண்டுக் குற்றம் சாட்டப்பட்டு நிற்கின்றது. கபிலரின் குறுந்தொகை 355-ஆம் பாடலிலோ நிலைமை எதிரானது. மழை மறைத்தலால் வானம் தெரியவில்லை, நீர் பரந்தமையால் நிலம் தெரியவில்லை, இருள் செறிந்தது, இந்நிலையில் எம் ஊரை எங்ஙனம் அறிந்து வந்தாய் எனத் தலைவன் வினவப்படுகின்றான். ஒளி வந்தால் ஒருவகைத் துன்பம்; ஒளி மறைந்தால் வேறுவகைத் துன்பம். ஒளியின் அளவே இப்பாடல்களில் நிகழ்ச்சியாகின்றது.

'தீஃப்' விளையாட்டில் திரையின் அடியில் ஒரு சிறு மணி உண்டு. ஆடுவோன் ஒளியில் நிற்பின் அம்மணி ஒளிரும். இருளில் நிற்பின் மங்கும். 2002-ஆம் ஆண்டில் யூபிசாஃப்ட் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஸ்ப்ளின்டர் செல்' விளையாட்டிலும் ஒளியளவு காட்டும் கோடு உண்டு; விளக்கைச் சுட்டு அணைத்தல் அதில் ஒரு வினை. இவற்றை ஆடுவோன் ஓர் அறையிற் புகுந்ததும் அதன் அழகைக் காண்பதில்லை. எங்கே நிழல் விழுகின்றது, எத்தனை அடி ஒளியைக் கடத்தல் வேண்டும் என்றே காண்கின்றான். விளக்கு அணிகலன் ஆகாது பகையாகின்றது. குறுந்தொகைத் தோழி நிலவை நோக்கிய நோக்கும் இதுவே.

நிலத்தைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை அணுகிக் கிடக்கும் அச்சன்புதூர் போன்ற ஊர்களில், ஆனி ஆடிச் சாரற்காலத்து இரவில் மின்சாரம் நின்ற வேளை வெளியே நடந்தவர் இதனை நன்கு அறிவர். கண் பயன்படாத அப்பொழுதில் வழி காட்டுவது காலே. தார்ச்சாலை ஓர் ஓசை தரும். சரளை வேறோர் ஓசை தரும். நனைந்த வரப்பு ஓசையே தராது. உதிர்ந்து கிடக்கும் தென்னஞ்சருகு நடப்பவனை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்கும். நிலம் அப்போது காட்சிப்பொருள் அன்று, பேசும் பொருள். 'தீஃப்' விளையாட்டின் நிலமும் இவ்வாறு பேசுவது. உலோகத் தட்டில் நடந்தால் பேரொலி. பளிங்குத் தரையில் கூரிய ஒலி. கம்பளத்திலும் புல்லிலும் மெல்லொலி. ஆகவே ஒரு மாளிகையின் கம்பளம் செல்வத்தின் அடையாளமாக மட்டும் அமையாது, கள்வனுக்கு அடைக்கலமாகவும் அமைகின்றது. பொருள் ஒவ்வொன்றும் வினையோடு பிணைந்து நிற்கும் இந்நிலையே முதற்பொருள் முழுமை பெறும் நிலையாகும்.

செவியின் ஆட்சி

இருளில் கண் அடங்கச் செவி எழுகின்றது. கொல்லன் அழிசியார் பாடிய குறுந்தொகை 138-ஆம் பாடல் இதற்குத் தலைசிறந்த சான்று. ஊர் உறங்கிற்று, அவர் உறங்கவில்லை. அயலிலுள்ள நொச்சியின் மென்கிளையிலிருந்து மலர் உதிரும் ஒலியை இரவெல்லாம் கேட்டிருந்தனர். நொச்சிப்பூ விழும் ஓசையைப் பகலில் கேட்டார் யார்? அவ்வோசை கேட்கின்றது என்பதாலேயே ஊரின் அமைதியும், உறங்காதார் நெஞ்சின் விழிப்பும், எதிர்பார்ப்பின் நீளமும் ஒருங்கே பெறப்படுகின்றன. அமைதி என்ற சொல்லைக் கூறாது, மிகச் சிறிய ஓசையைக் கேட்பித்து அமைதியை உணர்த்துதல் சங்கப் புலவர் கண்ட நெறி.

பழைய கரவு விளையாட்டுகளின் உயிர்நாடி இந்நெறியே என்பது எம் கருத்து. 'தீஃப்' விளையாட்டை அமைத்தோர், ஓர் அறையின் ஓசை அடுத்த அறைக்கு வாயில் வழியாகவே சென்று சேருமாறு கணக்கிட்டு அமைத்தனர். அதனால் மூலைக்கு அப்பால் நடக்கும் காவலனைக் காணாமலே அவன் தொலைவையும் திசையையும் செவியால் அளக்கலாம். எரிக் ப்ரோசியஸ் அமைத்த ஒலிகள் பாட்டாக எழுந்து நம்மை ஆட்கொள்வதில்லை. தாழ்ந்த முழக்கமாகவும் காற்றின் இரைச்சலாகவும் அடியில் கிடக்கின்றன. அவற்றினிடையே ஒரு தாழ் திறக்கும் ஓசை இடிபோலக் கேட்கின்றது. ஆடுவோன் மூச்சை அடக்கிக்கொள்கின்றான். விளையாட்டினுள் அவன் மூச்சுக்கு ஓசை இல்லை, ஆயினும் அடக்குகின்றான். சூழலுணர்வு நிறைவுற்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இவ்வகையின் தொடக்கத்திலும் ஓசையே நின்றது என்பது வியப்புக்குரியது. 1981-இல் சைலஸ் வார்னர் ஆப்பிள் கணினிக்கு ஆக்கிய 'காசில் உல்ஃபென்ஸ்டைன்' விளையாட்டில் ஓவியம் மிக எளியது. மாந்தர் சில புள்ளிகளே. எனினும் காவலர் செருமானிய மொழியில் நில் என அதட்டும் குரல் அவ்வெளிய பொறியினின்று எழுந்தது. படம் நடுங்கச் செய்யாத இடத்தில் குரல் நடுங்கச் செய்தது.

கருப்பொருள்

அகநானூற்று 122-ஆம் பாடல் பரணருடையது. இரவுக்குறியின் தடைகளை அதுபோல் அடுக்கிய பாடல் பிறிதொன்று அரிது. விழா இல்லாத நாளிலும் ஊர் உறங்காது. கடைத்தெரு அடங்கினால் தாய் உறங்காள். தாய் உறங்கினால் காவலர் விரைந்து திரிவர். காவலர் துயின்றால் நாய் குரைக்கும். நாய் அடங்கினால் நிலவு பகல்போற் காயும். நிலவு மறைந்தால் கூகை குழறும். கூகை ஓய்ந்தால் வீட்டுக்கோழி கூவிவிடும். இவையெல்லாம் ஒருங்கே அடங்கிய ஒருநாளில் அவர் வாரார். தித்தனது உறந்தையைச் சூழ்ந்த காவற்காட்டைப்போலப் பல தடைகளை உடையது நம் களவு எனத் தலைவி கூறி முடிக்கின்றாள்.

எழு தடைகளுள் நிலவு ஒன்றே ஒளியைச் சார்ந்தது. ஊர், தாய், நாய், கூகை, கோழி ஆகியன ஓசையோடு தொடர்புடையன. இன்னும் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இவற்றுள் காவலர் ஒருவரே தடை செய்தலைத் தொழிலாக உடையவர். நாய் தன் இயல்பிற் குரைக்கின்றது. கூகை இரைக்காகத் திரிகின்றது. நிலவு தன் முறையில் எழுகின்றது. களவைத் தடுக்கவேண்டும் என்னும் எண்ணம் அவற்றிற்கு இல்லை. அவை தம் வாழ்வை வாழ்கின்றன. அவ்வாழ்வின் இடுக்குகளில் காதலர் வழி தேடவேண்டியுள்ளது. பரணர் பாட்டின் உலகம் தலைவனுக்காகப் படைக்கப்பட்டதன்று. அவன் இன்றியும் இயங்குவது. அவ்வுணர்வே அப்பாடலின் ஆழம்.

'தீஃப்' விளையாட்டின் முதற்களவு பாஃபர்டு பிரபுவின் மாளிகையில் நிகழ்வது. வாயிலில் நிற்கும் காவலர் இருவர் கள்வனைப் பற்றிப் பேசுவதில்லை. கரடிச் சண்டை காணப் போவதைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர். பிறரும் தமக்குள் முணுமுணுப்பர், சீழ்க்கை அடிப்பர், தம் தலைவனைக் குறைகூறுவர். இருளில் ஒதுங்கி நிற்கும் ஆடுவோன் தன்னைப் பற்றியதல்லாத பேச்சை ஒட்டுக்கேட்கின்றான். அப்போதுதான் அம்மாளிகை உண்மையெனத் தோன்றுகின்றது. தனக்காக அமைக்கப்பட்ட உலகில் ஒருவனுக்கு அச்சம் இல்லை. பிறர் வாழும் உலகில் அழையாது புகுந்தவனுக்கே அச்சம் உண்டு. இவ்வகை விளையாட்டின் உரிப்பொருள் யாதெனில், உரிமையில்லாவிடத்து அஞ்சிக் காத்திருத்தல் என்போம். கொள்ளுதலும் கொல்லுதலும் அதன் புறவினைகளே.

காத்திருத்தலின் அருமையைக் குற்றால மலைச்சாரலே நகைச்சுவையாகக் காட்டியுள்ளது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், பறவை பிடிக்க வரும் சிங்கன் ஓசையடங்கி ஒருமனப்பட்டிருத்தல் வேண்டும். அவன் நெஞ்சமோ சிங்கியின்பால் ஓடுகின்றது. பறவைகள் பறந்து போகின்றன. கரந்திருப்போன் மனம் சிதறினால் உலகம் அவன் கையினின்று நழுவிவிடும் என்பதை இதனினும் இனிதாகக் கூறுதல் இயலாது.

அல்லகுறி

களவியலில் அல்லகுறிப்படுதல் என்னும் துறை உண்டு. தலைவன் தன் வரவை உணர்த்தச் செய்யும் குறி, பறவை எழுதலாலோ காய் நீரில் விழுதலாலோ தானே நிகழ்ந்துவிடும். தலைவி அதனை அவன் குறியென மயங்கி வந்து காணாது மீள்வாள். பின்னர் அவன் உண்மையாகவே குறிசெய்யும்போது அதனை இயற்கையெனக் கருதி வாராள். ஓசை ஒன்றே, அதன் பொருள் இரண்டு. ஐயமே இத்துறையின் உயிர்.

கரவு விளையாட்டுகள் இவ்வையத்தைத் தம் கருவியாகக் கொண்டன. 1998-இல் கொனாமி நிறுவனத்தார் வெளியிட்ட 'மெட்டல் கியர் சாலிட்' விளையாட்டில் தலைவன் சுவரைத் தட்டி ஓசை எழுப்பிக் காவலனை வேறிடத்திற்கு ஈர்க்கின்றான். 'தீஃப்' விளையாட்டின் காவலன் ஓசை கேட்டதும் உடனே பாய்வதில்லை, யார் அங்கே என்பான், தேடுவான், ஒன்றும் காணாதபோது எலியாக இருக்கும் எனத் தன்னைத் தேற்றிக்கொண்டு திரும்புவான். அத்தேடலின் சில நொடிகளே ஆட்டத்தின் உச்சம். முற்றும் அறிதலுக்கும் முற்றும் அறியாமைக்கும் இடைப்பட்ட ஐயநிலை நீளுந்தோறும் சூழலுணர்வு செறிகின்றது.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

இவையெல்லாம் பொறியின் வறுமையாலே விளைந்தன. அதனைக் கலைத்திறன் என்றல் மிகை எனச் சிலர் கூறுவர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஹிடியோ கொஜிமா 1987-இல் 'மெட்டல் கியர்' விளையாட்டை ஆக்கியபோது, எம்.எஸ்.எக்ஸ். 2 என்னும் கணினி ஒரே நேரத்தில் பல வீரரையும் குண்டுகளையும் காட்ட இயலாததாயிருந்தது. ஆகவே போரை விடுத்து ஒளிதலைப் பொருளாக்கினார். 1998-இல் வந்த 'டென்ச்சு' விளையாட்டில், தொலைவிலுள்ளவற்றை வரைய இயலாத குறையை இரவின் இருள் மறைத்தது. அறைகள் வெறுமையாயிருந்தமைக்கும் காவலர் சிலராயிருந்தமைக்கும் பொறியின் எல்லையே பெரிதும் காரணம்.

ஆயினும் எல்லை உண்டானமை வேறு. எல்லையைப் பொருளாக்கியமை வேறு. குறுந்தொகைப் பாடல் நான்கடி முதல் எட்டடி வரை அமைவது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் விலக்கப்பட்டது. இவ்வெல்லைகளைக் குறையென்பார் உளரோ? ஓரடியில் ஒரு நொச்சிப்பூவை விழச்செய்யும் புலவனுக்கு எல்லையே துணை. அக்காலத்தே அதே பொறிகளில் வெளிவந்த பிற விளையாட்டுகள் பலவும் இதே வறுமையுடையன. அவற்றில் இச்சூழலுணர்வு பிறக்கவில்லை. ஆதலின் வறுமை வாய்ப்பாயிற்று. கலை அதனைப் பயன்கொண்டது என்பதே நேர்மையான முடிபு.

பழமையும் இதற்குக் காரணம் அன்று. 2014-இல் வந்த 'ஏலியன்: ஐசொலேஷன்' புதிய பொறிகளுக்கு ஆக்கப்பட்டது, ஓவியச் செறிவு மிக்கது. ஆனால் தலைக்கு மேலே குழாய்களில் ஊரும் பகையைச் செவியால் உணர்ந்து, பேழைக்குள் ஒடுங்கிக் காத்திருக்கவேண்டும் என்னும் விதி அதில் உண்டு. ஆகவே பழையவற்றின் உணர்வு அதிலும் தோன்றுகின்றது. விதி இருப்பின் உணர்வு உண்டு. ஆண்டு ஒரு பொருட்டன்று.

பின்வந்த மாற்றம்

விதி எங்கே நெகிழ்ந்தது என்பதை இனிக் காண்போம். 2005-இல் வந்த 'ஸ்ப்ளின்டர் செல்: கேயாஸ் தியரி' மிகச் சிறந்த ஆக்கங்களுள் ஒன்று. அதில் ஆடுவோன் எழுப்பும் ஓசையையும் சூழலின் ஓசையையும் ஒப்பிட்டுக் காட்டும் அளவுகோல் திரையில் இடம்பெற்றது. நுட்பமான அமைப்பே, எனினும் செவி அறியவேண்டியதைக் கண் அறியத் தொடங்கிற்று. அடுத்த படி விரைவில் வந்தது. 2009-இல் 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்', 2012-இல் 'டிஸ்ஆனர்டு' ஆகியவற்றில் சுவருக்கு அப்பாலுள்ள பகைவரைக் காணும் பார்வை தலைவனுக்கு அளிக்கப்பட்டது. 2010-இல் வந்த 'ஸ்ப்ளின்டர் செல்: கன்விக்ஷன்' விளையாட்டில் தலைவன் மறைந்ததும் காட்சி நிறமிழந்து அவன் மறைவை அறிவித்தது. 2014-இல் புதுப்பிக்கப்பட்ட 'தீஃப்' விளையாட்டும் வேண்டிய பொருளை ஒளிரக் காட்டும் ஆற்றலைத் தந்தது.

இவ்வாற்றல்கள் ஆடுவோனுக்கு எளிமை தந்தன. ஆயின் சுவரைத் துளைத்து நோக்குபவன் மூலையில் நின்று கேட்கமாட்டான். தான் மறைந்துளோம் என உறுதியாக அறிபவன் ஐயுறமாட்டான். ஐயம் நீங்கவே காத்திருத்தல் காலப்போக்காயிற்று, இருள் ஓவியமாயிற்று, கம்பளம் கம்பளமே ஆயிற்று. முதற்பொருள் மீண்டும் திரைச்சீலையாகப் பின்னே சென்றது. பிற்கால அகத்துறைக் கோவை நூல்கள் சிலவற்றில் துறைகள் முறைப்படி நிற்பினும் யாமம் நடுக்கம் தாராமைக்கும் காரணம் இதுவே. பெயரளவில் இரவு உண்டு. வினையில் இரவு இல்லை.

இரண்டிற்கும் உள்ள வேற்றுமை

ஒப்புமை கூறுவோர் வேற்றுமையை மறைத்தலாகாது. இரண்டு வேற்றுமைகள் தலையாயவை. முதலாவது, கூற்று நிலை. இரவுக்குறிப் பாடல்களுட் பல தலைவியின் கூற்றாகவோ தோழியின் கூற்றாகவோ அமைந்தவை. மறைந்து வருபவன் வெளியே; பேசுபவள் உள்ளே. அவள் அஞ்சுவது தனக்காக மட்டும் அன்று; மலைவழியில் வருபவனுக்காகவும் அஞ்சுகின்றாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தோழி, காவலர் விரையினும் நாய் குரைப்பினும் நிலவு வெளிப்படினும் சினவாது வரும் தலைவன் பண்பைக் கூறி, அவன் வழியிலுள்ள புலியும் யானையும் பாம்பும் முதலையும் எண்ணித் தலைவி கலங்குதலைக் கூறுகின்றாள். அச்சம் ஈண்டு அன்பின் வடிவம். விளையாட்டிலோ ஆடுவோனே மறைந்து செல்பவன். அவன் அச்சம் தன்னைப் பற்றியதே. அவனுக்காக உறங்காதிருப்பார் ஒருவரும் இலர்.

இரண்டாவது, முடிவு. இரவுக்குறியின் இடர்களைத் தோழி அடுக்கிக் கூறுதல் பெரும்பாலும் வரைவு கடாதற்பொருட்டு. இவ்வளவு துன்பமும் வேண்டா, மணந்துகொள்க என்பது அதன் உட்கிடை. ஆகவே அகப்பாட்டின் இருள் விடியலை நோக்கி நகர்வது. களவு கற்பாகவேண்டும் என்னும் அறம் அதனை உந்துகின்றது. விளையாட்டின் களவுக்கு வரைவு இல்லை. ஒரு மாளிகையினின்று தப்பியவன் மற்றொரு மாளிகைக்குச் செல்கின்றான். அதனாலேயே அதன் சூழலுணர்வில் ஆறுதல் பெறாத ஒரு தனிமை உண்டு. அத்தனிமையைச் சுவையென்று ஆடுவோர் போற்றுவர். அஃது ஓர் உண்மையான சுவையே என யாமும் ஒப்புகின்றோம். ஆனால் இருளை அன்போடு பிணைத்த சங்கப் புலவர் அடைந்த உயரத்தை இக்கலை இன்னும் அடையவில்லை எனக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. பழைய கரவு விளையாட்டுகளின் சூழலுணர்வு இருள் வரையப்பட்டமையால் பிறந்ததன்று. இருளில் செவியால் வழியறிந்து காத்திருத்தல் வேண்டும் என்னும் விதியால் பிறந்தது. நிலமும் பொழுதும் வினையை அறுதியிட, காவலர் தம் வாழ்வை வாழ, ஓசையின் பொருள் ஐயத்துக்குரியதாக நிற்கையில் அவ்வுணர்வு செறிகின்றது. எல்லாம் காணும் கண் அளிக்கப்பட்டபோது அது கலைகின்றது. முதல், கரு, உரி என்னும் பகுப்பு, மொழியாலாகாத இக்கலையையும் அளக்கப் போதுமானதாக நிற்கின்றது; இஃது அக்கோட்பாட்டின் ஆழத்திற்குச் சான்று.

லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டது. ஆயினும் அவ்விளையாட்டின்பால் ஈடுபாடு கொண்டோர் ஊதியம் கருதாது 'தி டார்க் மாட்' என்னும் ஆக்கத்தை 2009-இல் வெளியிட்டு, இன்றும் புதிய மாளிகைகளை எழுப்பி வருகின்றனர். கண் நிறையக் காட்சிகளை வழங்கும் இக்காலத்திலும், சிலர் விளக்கை அணைத்துச் செவியைத் திறந்து வைத்துக் காத்திருக்க விரும்புகின்றனர் என்பதை இது காட்டும். அவ்விருப்பம் உடைய மாணவன் ஒருவன் நம் வகுப்பில் இருப்பானாயின், பரணரின் பாடலை அவனுக்கு நெடிது விளக்கவேண்டியதில்லை. நாய் அடங்கிற்று, இனி நிலவு என்று கூறினாற் போதும். எஞ்சியதை அவன் உணர்வான்.